கரையிலேயே நில்லு கண்ணு

என் மகள் கிரீன்லாந்தில் இருக்கிறாள். கோடையில் அங்கே பெரும் பனிப்பாளத்தின் மேற்பரப்பு உருகி, ஆங்காங்கே நீல ஏரிகளாகத் தேங்குகிறது. அவற்றைப் படம் எடுப்பதுதான் அவள் வேலை. ஓசூரில் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிறவளுக்கு அது இன்னும் வேடிக்கைதான். "ஏரியப் படம் புடிக்க அவ்ளோ தூரமாக்கா? உங்க பாரூர்ல இல்லாத ஏரியா?"

பாரூர் ஏரி நிறைந்தால் நாங்கள் எல்லோரும் கரைமேல் ஏறி நின்று பார்ப்போம். பிள்ளைகளுக்கு ஒரே கட்டளை, கரையை விட்டு இறங்கக் கூடாது. விமான நிலையத்தில் மகளிடம் நான் சொன்னதும் அதையேதான். "தண்ணிகிட்ட எறங்காத. கரையிலேயே நில்லு கண்ணு."

போன வாரம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள். "அம்மா, பயப்படாத. எனக்கு ஒண்ணும் ஆகல."

அப்படி ஆரம்பித்தால் எந்தத் தாய் பயப்படாமல் இருப்பாள்?

கேமராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தாளாம். காலடியில் வெடிபோல் ஒரு சத்தம். பனி பிளந்து, ஏரித் தண்ணீர் முழுவதும் அந்தப் பிளவில் இறங்கிவிட்டது. கேமராவும் போயிற்று. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து, கூட வந்த பெண் இவளை இழுத்துவிட்டாள்.

"கரையிலதான நின்ன?"

"கரைதாம்மா பொளந்துச்சு. இங்க கரையும் தண்ணிதான. ஒறஞ்சு கெடக்கு, அவ்ளோதான்."

இணைப்பு அறுந்தது. பக்கத்திலிருந்தவள், "பாப்பாவாக்கா? ஏரி கெடச்சுதாமா?" என்று சிரித்தாள். தலையாட்டினேன். இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து போனதுகூடத் தெரியவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டாள். நாளை இன்னொரு ஏரிக்குப் போகிறார்களாம். வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் குரலில் அவ்வளவு உற்சாகம். எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவும் என்னிடம் இப்போது எதுவும் இல்லை.

"கயிறு கட்டிக்குவியா?"

"கட்டாம விடமாட்டாங்கம்மா."

"அந்தப் பொண்ணுதான புடிச்சுக்கும்?"

"ஆமா."

"அது நல்லா சாப்புடுதா?"

"அய்யோ அம்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் பதிலுக்காகக் காத்திருந்தேன்.