மையத்து வண்டி குலுங்கியது

எங்கள் ஜமாஅத்துக்குச் சொந்தமாக ஒரு மையத்து வண்டி உண்டு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மவுத்தானவர்களை வீட்டுக்குக் கொண்டுவருவதும், வீட்டிலிருந்து அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோவதும்தான் அதற்கு வேலை. ஊரில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் என்பதால் அந்த வண்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நன்மைக்காகச் செய்கிற வேலை என்பதாலோ என்னவோ, அந்த வண்டி விஷயத்தில் யாரும் எனக்கு எதிர்வார்த்தை பேசக்கூடாது என்று ஒரு திமிரும் எனக்கு இருந்தது.

வண்டியை ஓட்டுபவர் எங்கள் தெருக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். சிறுநீரகம் கெட்டுப்போன மனைவியை வாரம் இரண்டு முறை டயாலிஸிஸுக்குக் கூட்டிப்போவார், ஷேர் ஆட்டோவில்தான். வீட்டு வாசலிலேயே ஜமாஅத் வண்டி நிற்கும். ஆனால் உயிரோடு இருக்கிறவளை அதில் ஏற்ற மாட்டேன் என்பார். அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். நோன்பு மாதத்தில் என் கடைக்கென்று தனியாகத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்தனுப்புவார்.

மையவாடி பைபாஸுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால், மையத்தைக் கிடத்தும், மற்ற நேரத்தில் வண்டியிலேயே இருக்கும் சந்தூக்கைத் தெருமுனை வரைதான் தோளில் தூக்குவோம். அங்கே வண்டியில் ஏற்றிவிட்டு எல்லோரும் கூடவே நடப்போம். நடக்கும்போது வண்டியின் பக்கவாட்டில் ஒரு கையை வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். தோள் கொடுக்க முடியாமல் போனதற்கு அது ஈடு. ஆகவே வண்டி ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டக்கூடாது. கூட்டம் தேங்கினால் நின்று, நகர்ந்தால் நகர வேண்டும். அண்ணன் ஓட்டினால் வண்டி எப்போது நின்றது, எப்போது கிளம்பியது என்று பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. "உசுரு போய்ட்டா வலிக்காதுன்னு எவன் பார்த்தான்?" என்பார். அவருக்கு உலகத்தில் பெருமை என்று ஒன்று இருந்ததென்றால் அது கிளட்ச் மிதிக்கிற அந்தக் கால்தான்.

போன வருடம் அந்த வண்டியின் கியர் பாக்ஸ் போய்விட்டது. இரண்டாவது கியர் விழவே இல்லை. கேளம்பாக்கத்தில் பிரித்துப்போட்ட ஒரு வண்டியிலிருந்து நல்ல பெட்டியாகப் பார்த்து வாங்கிவந்து மாட்டிக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி போன் செய்தார். கருங்குழியில் ஒரு மவுத்து, அசர் தொழுகைக்கு முன்னால் வண்டி வேண்டும் என்றார். அவசர அவசரமாகப் போல்ட்டுகளை முடுக்கி வண்டியை அனுப்பினேன். பழைய பெட்டி அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் கடைக்கு வந்தார்.

"தம்பி, வண்டி கெளம்புறப்ப ஒதறுது. ஃபர்ஸ்ட்லயும் ரிவர்ஸ்லயும் மட்டும். ஓட ஆரம்பிச்சா ஒண்ணும் இல்ல."

ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். கிளட்சை விடும்போது வண்டி முழுக்க ஒரு நடுக்கம். இஞ்சின் மவுண்டிங்குகளைப் பார்த்தேன், சரியாக இருந்தன. பெட்டியை இறக்கிப் பார்த்தேன். ஆயில் கசிவு இல்லை. ஆனால் கிளட்ச் பிளேட் வந்து பிடிக்கும் ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் பாரித்த திட்டுகள் இருந்தன. சூட்டில் வருகிற திட்டுகள். அவற்றைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது. காரணம் கிடைத்த நிம்மதி அல்ல அது, குற்றம் சாட்ட ஆள் கிடைத்த நிம்மதி.

அன்றைக்குச் சாயங்காலம் மஃரிப் தொழுது வெளியே வந்ததும் பள்ளிவாசல் வாசலில் நாலைந்து பேர் சூழ்ந்திருக்க முத்தவல்லியிடம் சொன்னேன்: "அரைக் கிளட்ச்சுலயே ஓட்டிகினு போனா பிளேட்டு எரியாம இன்னா பண்ணும்? வண்டி மேல தப்பு இல்ல. கால் மேலதான் தப்பு."

அண்ணனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். "பத்து வருசமா இப்பிடித்தானே தம்பி ஓட்டுறேன். பொட்டி மாத்துறதுக்கு முன்னாடி இது இல்லியே" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அப்ப நான் வேல தெரியாதவன்றியா? வயசாய்ட்ச்சு அண்ணே, கால் நடுங்குது, ஒத்துக்கோ" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து முத்தவல்லி கையில் வைத்துவிட்டுத் தெருப்பக்கம் நடந்தார். வேறு ஆள் கிடைக்கும்வரை வண்டியை நானே ஓட்டுவது என்று முடிவாயிற்று.

ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து முகத்தைக் கடைந்து சீராக்கினேன். புது பிளேட் போட்டேன். ஓட்டினேன். அதே நடுக்கம். புது பிளேட் படிந்து உட்கார நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதம் மூன்று மையத்து கொண்டுபோனேன். மூன்றும் குலுங்கின. படிந்துவிடும், படிந்துவிடும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் அண்ணன் கடைசி வரிசையில் தொழுதுவிட்டு யாரையும் பார்க்காமல் போய்விடுவார். நானும் பார்க்காதவன் போலச் செருப்பைத் தேடுவேன்.

பிறகு அந்த அம்மா மவுத்தானார். ஒரு காலை நேரம், டயாலிஸிஸ் முடிந்து வெளியே வரும்போது.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு தெருமுனையில் சந்தூக்கை வண்டியில் ஏற்றினார்கள். அண்ணன் பின்னால் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கிளட்சை விட்டேன். வண்டி உதறியது. சந்தூக் தரைத்தகட்டில் கடகடவென்று ஆடியது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இருபது அடிக்கு ஒரு தரம் கூட்டம் தேங்கியது. எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் செய்து பார்த்தேன். ஆக்ஸிலேட்டரைக் கூட்டினேன், குறைத்தேன், காலை மயிரிழையாக எடுத்தேன். ஒவ்வொரு தரமும் உதறியது. பைபாஸ் ஏற்றத்தில் நின்று கிளம்பியபோது மிக மோசமாக உதறியது. அப்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. இன்னும் கொஞ்ச தூரம்தான் கீது."

புது பிளேட், சீர் செய்த ஃப்ளைவீல், ஓட்டுவதோ நான். இனி யார் காலைக் குறை சொல்வது?

மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு நேராகக் கடைக்குப் போய்ப் பெட்டியை மறுபடி இறக்கினேன். இந்தத் தடவை ஃப்ளைவீலைப் பார்க்கவில்லை. என் வேலையைப் பார்த்தேன். இஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற விளிம்பை விரலால் தடவிக்கொண்டே போனேன். இரண்டும் நேராக உட்காருவதற்காக அங்கே இரண்டு இரும்புப் பின்கள் இருக்கும். சுண்டுவிரல் கனம்கூட வராது. ஒன்று இருந்தது. இன்னொன்றின் இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருந்தது.

அது எங்கே போனது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பழைய பெட்டியைக் கழற்றியபோது அதன் விளிம்பில் பின் ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். தட்டி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் போன் வந்தது. பின் இல்லாமல் பெட்டி மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நேராக வந்து பிடிக்க வேண்டிய பிளேட் கோணலாகப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. நான் இரண்டாம் தடவை இறக்கியபோதும் அந்த ஓட்டை அங்கேதான் இருந்தது. நீலத் திட்டைப் பார்த்த சந்தோஷத்தில் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

காயலான் கடையில் பழைய பெட்டி குவியலுக்கு அடியில் கிடந்தது. அந்தப் பின்னும் அதிலேயே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து தட்டி எடுத்தேன். அதை மாட்டிப் பெட்டியை ஏற்றி வண்டியைக் கிளப்பினேன். கிளம்பியதே தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழுந்து நின்று, தப்பு என்னுடையது, அண்ணன் காலில் எந்தக் குறையும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர்தான் அங்கே இல்லை. மாமல்லபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போனேன்.

கடற்கரைக்குப் போகும் சந்தில், மகள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பின் விட்டுப்போனது, பார்த்தும் விட்டது, ஒரு மாதம் உதறல் தெரிந்தே ஓட்டியது, எல்லாம். "மன்னிச்சுடுண்ணே" என்றேன்.

அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். தானே ஏறி, சந்துக்குள் முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி ஓட்டிப் பார்த்தார். துளி அசைவு இல்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"பத்து நாள் முன்னாடி இத செஞ்சிருக்கக் கூடாதா தம்பி? அவளும் இப்பிடிப் போயிருப்பாளே."

மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைக் கேட்டு இன்னா ஆவப்போவுது? ஒதறல் பட்டவ அவதான். அவகிட்ட வந்து கேளு. பின்னாடி ஏறு, போலாம்."

முன்னால் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. நான் பின்னால் ஏறி, அவர் அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடத்தில், காலிச் சந்தூக்கின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மையவாடிக்கு முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் வேகத்தடை, மாடு, பஸ், திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணக் கூட்டம். நின்று நின்றுதான் கிளம்பினோம். ஒவ்வொரு தரமும் சந்தூக்கை அழுத்திப் பிடித்தேன். அது ஒரு தரம்கூட ஆடவில்லை.