டீச்சருக்குத் தெரியும்

பதினோராம் வகுப்பில் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் நிற்காத கால், ஓயாத வாய். அவளுக்கு வலிப்பு வரும் என்பது வீட்டுக்கு வெளியே வகுப்பு டீச்சர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். சலவைக்கடையில் இஸ்திரி போடும் அம்மா, பள்ளி திறந்ததுமே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றார் டீச்சர்.

பள்ளியில் போதை மாத்திரை புழங்குவதாகப் பேச்சு கிளம்பியது. ஒரு நாள் உதவித் தலைமையாசிரியர் வகுப்புக்குள் நுழைந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்த்தார். சிட்டுவின் பையிலிருந்து சீப்பு விழுந்தது. காகிதத்தில் சுற்றிய நாப்கின் விழுந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசியாக, பெயர் இல்லாமல் வெட்டிய மாத்திரை அட்டை.

"என்னம்மா இது?"

சிட்டு, கரும்பலகை அருகே நின்ற டீச்சரைப் பார்த்தாள்.

உதவித் தலைமையாசிரியரும் டீச்சர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலையே சார்."

வகுப்பே பார்க்க அவளை அலுவலக அறைக்கு நடத்திப் போனார்கள். அம்மா வேர்க்க விறுவிறுக்க மருத்துவர் சீட்டோடு ஓடிவந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க" என்று தலைமையாசிரியர் முடித்துவிட்டார்.

வெளியே டீச்சர் நின்றிருந்தார். "எல்லார் முன்னாடியும் நோயைச் சொன்னா நல்லாவா இருக்கும்? அதான்..."

"போதை மாத்திரைன்னு நெனச்சா நல்லா இருக்குமா டீச்சர்?" என்றாள் சிட்டு.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "முன்னாடியே ஏன் சொல்லலைன்னு என் மேல பாய்வாங்கம்மா."

அம்மா விடவில்லை, தலைமையாசிரியரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். அதன்பின் பையைத் திறப்பதானால் காரணம் சொல்லி, தனியறையில், அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் திறந்தார்கள். சிட்டுவுக்கு அதனால் என்ன? பையைக் கவிழ்த்த மறுநாளே வலிப்புக் கதை பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்தில் உட்காருபவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சில வாரத்தில் அவளாகவே நெருங்கி வந்துவிட்டாள். அதைச் சிட்டு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆண்டு முடியும் நேரத்தில் டீச்சர் மாடிப்படியில் அவளை நிறுத்தினார்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு? என்கிட்ட சொல்லலாம்ல?"

"நல்லா இருக்கேன் டீச்சர்."

முந்தின நாள்தான் அவளுக்கு வலிப்பு வந்திருந்தது.