சாவி என் பையில், வெளிச்சம் வண்டியில்

என் டிரைவர் என் பிக்கப் வண்டிக்குச் சூனியம் வைத்துவிட்டார் என்று இரண்டு நாள் முழுசாக நம்பினேன். நான் பத்தாவது படித்தவன், அறிவியலில் பாஸ் ஆனவன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிரிப்பதென்றால் குறை வைக்காமல் சிரியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். வில்லியனூர் பக்கம் வீட்டை ஒட்டியே எங்களுக்குக் கரும்புக் கொல்லை. உரமூட்டையும் ஆட்களும் ஏற்ற ஒரு பழைய பிக்கப். டிரைவர் மாதா கோயில் தெருக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு நூல் மில்லில் நிரந்தர வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி. மூன்று பெண் பிள்ளைகளோடு என்னிடம் தினக்கூலிக்கு ஓட்டியவருக்கு அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று எனக்குத் தெரியும். போகப்போகிறாரே என்ற எரிச்சலும் இருந்தது.

சனிக்கிழமை ஆயுத பூஜை. அதற்காக வண்டியின் பின்பலகையில் இரண்டு புதுச் சிவப்பு விளக்குகளை நானே மாட்டினேன். ஒவ்வொரு பல்புக்குள்ளும் இரண்டு இழை. ஒன்று பிரேக் மிதித்தால் எரியும். இன்னொன்று முன்னால் இருக்கும் சின்ன விளக்குகளோடு சேர்ந்து எரியும். மெக்கானிக் எதற்கு, நான் இல்லையா?

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டிக்கு முன்னால் நின்று கற்பூரத் தட்டைச் சுற்றினேன். சாவி என் சட்டைப் பையில். திடீரென்று வண்டி என்னைப் பார்த்து இரண்டு கண்ணையும் திறந்தது. மங்கலாக, அரைத் தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் முறைப்பதுபோல. மூடியது. மறுபடி திறந்தது.

தட்டை எறிந்துவிட்டுக் கொல்லைக்குள் ஓடினேன். வேட்டி என்னோடு வரவில்லை.

உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "மொதலாளி, வேட்டி இங்க கீது. நீங்க எங்க கீறீங்க?"

பொரி வாங்க வந்திருந்த தெருவே சிரித்தது. வேட்டியைக் கட்டிக்கொண்டு நேராக அவரிடம் போனேன்.

"சாவி எங்கிட்ட கீது. எப்பிடிய்யா எரியும்? இன்னா பண்ண?"

"எனக்கே தெர்ல மொதலாளி. பிரேக்கு மிதிச்சா முன்னாடி எரியுது. ஒயர் எதுனா மாறியிருக்கும்."

"நான் மாட்னது மாறுமா? வேலைய வுட்டுப் போறப்ப எதுனா வச்சிட்டுப் போலாம்னு பாத்தியா?"

"அய்யய்யோ, மாதா மேல சத்தியமா இல்ல."

"உங்க மாதா எங்க வண்டிக்குச் செல்லாது. கையில கற்பூரம் ஏத்திச் சத்தியம் பண்ணு."

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்தி, ஒரு வார்த்தை சொல்லி, உடனே தட்டிவிட வேண்டும். சூடு ஏறுவதற்குள் முடிந்துவிடும். நான் இருப்பதிலேயே பெரிய கட்டியாக எடுத்து அவர் வலது கையில் வைத்தேன். தானாக அணைகிறவரை தட்டக் கூடாது என்றேன்.

"பண்ல மொதலாளி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "பண்ல." என்னைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு அக்கா கத்தினாள். "தட்டி வுடுப்பா, தோலு வேவுது!"

"சூனியக்காரனுக்குச் சுடாதுக்கா," என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் இரண்டு பாக்கெட்டிலும் எலுமிச்சம்பழத்தோடு நானே ஓட்டிக்கொண்டு தவளக்குப்பம் போனேன். அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் என்னைப் பிரேக் மிதிக்கச் சொன்னார். முன்னால் வந்து பார்த்தார். பிறகு பின்னால் போய்ப் படுத்து, புது விளக்குகளின் எர்த் ஒயரை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார்.

"இதுல பெயிண்ட் அடிச்சவன் எவன்டா?"

நான் பாக்கெட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டினேன்.

"எர்த்து இரும்பத் தொட்டாதான் கரண்டு பேட்டரிக்குத் திரும்பும். இரும்புக்குச் சட்டை போட்டு, அது மேல முடுக்கி வச்சிகீறான். பின்னாடி வழியில்லாம, பல்புல இன்னொரு இழைல பூந்து முன்னாடி லைட்டுக்குப் போவுது. இன்னா ஆளுய்யா அவன்?"

"எங்க டிரைவர்தான்," என்றேன்.

"அவன இனிமே வண்டியத் தொட வுடாத."

"வுடமாட்டேன்."

கத்தியால் கட்டைவிரல் நகமளவு பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டை முடுக்கினார். மிதித்தேன். பின்னால் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. முன்னால் ஒன்றும் எரியவில்லை.

பூஜைக்கு வண்டி பளபளக்க வேண்டுமென்று, சட்டம் முதற்கொண்டு ஒரு இடம் விடாமல் நீல எனாமல் இரண்டு கோட் அடித்தவன் நான். அதே காலையில் மில்லில், டிரைவரின் கட்டுப் போட்ட வலது கையைப் பார்த்த அதிகாரி அவரை வண்டியில் ஏறச் சொல்லவே இல்லை. வரிசையில் அடுத்து நின்றவரை எடுத்துக்கொண்டார்.