சுவரைப் பார்த்து நிறுத்திய வண்டி

இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொன்னதில்லை. காசிராஜனே சொன்னது. கதை கட்டிப் பேர் வாங்கும் ஆள் இல்லை அவன். நடந்தது 1924, ஐப்பசி மாதம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில்.

காசிராஜன் ராசிங்காபுரத்துக்காரன். உழவு வேண்டாம் என்று அப்பாவோடு சண்டை போட்டு, மதுரையில் மோட்டார்ப் பட்டறைக்குப் போய் நான்கு வருஷம் வேலை பழகியவன். தோட்டத்து மோட்டார் சைக்கிளை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் அந்த வருஷம்தான் அவனை வைத்திருந்தார்கள். காலையில் கடிதங்களோடு போடிக்கு இறங்குவான். மூன்று மணி வாக்கில் மேலே வந்துவிடுவான்.

வண்டியை ஓட்டுவதைவிட, அதை அணைத்து நிறுத்துவதில்தான் அவனுக்குக் கர்வம். வண்டி நிறுத்தும் கொட்டகைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே பெட்ரோல் குழாயை மூடிவிடுவான். உள்ளே மிச்சம் இருப்பதை இன்ஜினே குடித்து முடித்து, வாசலுக்கு வரும்போது தானாக அடங்கும். பிறகு முன்சக்கரம் சுவரைப் பார்க்க உள்ளே தள்ளி, ஸ்டாண்டில் ஏற்றுவான். சக்கரத்துக்கு ஒரு கல். மேலே ஒரு சாக்கு. அப்படி நிறுத்தினால் பெட்ரோல் ஒழுகாது, சாரல் இன்ஜினில் படாது, வண்டி ஒரு விரற்கடைகூட நகராது.

அந்த ஐப்பசியில் அவன் நிறுத்தியபடி வண்டி நிற்கவில்லை.

முதல் நாள் காலையில் போய்ப் பார்த்தால், வண்டி வாசலைப் பார்த்து நின்றது. குழாய் திறந்து கிடந்தது. யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று கொட்டகைக்குப் பூட்டுப் போட்டான். மறுநாளும் அதேதான். பூட்டு பூட்டியபடி இருந்தது. மூன்றாம் நாள் ஏலக்காய் ஆய்கிற பெண்களிடம் கத்தினான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேற்பார்வைக்கு இருந்த மொக்கச்சாமி, பெட்ரோல் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

“யாரைக் கேட்டு வண்டிய எடுத்த?”

எடுக்கவில்லை என்றான் காசிராஜன். மூடிவைத்த குழாய் தானாகத் திறந்துகொள்கிறது என்றான். சொல்லும்போதே அவனுக்கே அது கேவலமாக இருந்தது.

“இன்னொரு தடவ இப்படி நடந்தா ஊருக்குப் போயிரு அப்பு.”

ஊருக்குப் போவதா? எந்த முகத்தோடு அப்பாவின் முன்னால் போய் நிற்பது? அன்று முழுக்க அவனுக்கு எரிச்சல். யாரைப் பிடித்து என்ன கேட்பது என்று தெரியாத எரிச்சல்.

நான்காம் நாள் மழை. 3.10க்கு வந்து சேர்ந்தான். குழாய், சுவர், ஸ்டாண்டு, கல், சாக்கு. ஒன்றையும் விடவில்லை. போதாதென்று இன்ஜினின் பிளக்கையே கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டான். பிளக் இல்லாமல் எமனே வந்தாலும் அதைக் கிளப்ப முடியாது. வெளியே பூட்டிவிட்டு, ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். ஆளைப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

3.50. மூடுபனி இறங்கியது. எதிரே இருந்த மரம் மறைந்தது.

4.05. உள்ளே... டக்.

குழாய் திறக்கிற சத்தம். அவனுக்குத் தெரியாத சத்தமா? பூட்டைத் திறந்து பாய்ந்து உள்ளே போனான். ஆள் இல்லை. குழாய் திறந்திருந்தது. மூடினான். வெளியே வந்து பூட்டினான்.

4.20. டக்.

மறுபடி உள்ளே போனான். இந்த முறை குழாயை முறுக்கிய முறுக்கில் விரல் தோல் உரிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

4.35. கிரீச்... தட்.

ஸ்டாண்டு இறங்கியது. சக்கரம் ஈர மண்ணில் மெல்ல... மெல்லத் திரும்பியது.

இப்போது அவன் எழுந்திருக்கவில்லை.

பிறகு உதைக்கிற சத்தம். கிரக்... கிரக்... வண்டியைக் கிளப்ப யாரோ மிதியை உதைக்கிறார்கள். எண்ணினான். பத்து. இருபது. முப்பத்தொன்று.

பிளக் அவன் பையில் இருந்தது. தொட்டுப் பார்த்தான்.

நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவன் காதுக்கு நேராக, மூச்சு. ஒரு பெண் குரல்.

“வெரசா...”

கதவைத் திறந்தான். ஓடாமல் ஏன் திறந்தான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. வண்டி வாசலைப் பார்த்து நின்றது. சாக்கு நாலாக மடித்து, பின்னால் சாமான் வைக்கும் பலகைமேல் மெத்தை போலப் போட்டிருந்தது. நடுவில் ஈரம். தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது.

பயந்திருக்க வேண்டியவன்தான். அதற்கும் மேலே நாலு நாள் எரிச்சல் நின்றது.

“போகணும்னா ஏறு” என்றான்.

பிளக்கை மாட்டினான். ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. மணி 5.02.

பின்சக்கரம் அமுங்கியது.

வளைவு வளைவாக இறங்கினான். பனியில் விளக்கு பத்தடிக்கு மேல் போகவில்லை. தோளில் ஈரமாக ஒரு கை. மூன்றாவது வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டான். பின்னால்... ம்ம்... என்று ஒரு முனகல்.

வேகத்தைக் குறைத்தான்.

திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருமுறைகூட.

6.25. போடி ஆஸ்பத்திரி வாசல். பின்சக்கரம் சட்டென்று மேலே எழும்பியது. தோள் லேசானது. அவன் வண்டியை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கம்பவுண்டர் லாந்தரோடு வெளியே வந்தார்.

“கூட வந்தவங்க உள்ள போயிட்டாங்க தம்பி. நெறமாசக்காரிய இப்படியா பலகைல வச்சுக் கூட்டிட்டு வர்றது?”

இருவரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். ஒரு பெஞ்சு. அதில் யாரும் இல்லை. பெஞ்சு நனைந்திருந்தது.

இரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே கிடந்துவிட்டு, காலையில்தான் மேலே போனான். வேலையை விட்டு அனுப்பக் காத்திருந்த மொக்கச்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். பக்கத்தில் ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்த சுப்புத்தாய்தான் வாய் திறந்தாள்.

அவனுக்கு முன்னால் இந்த வண்டிக்கு இருந்தவன் பேர் சுருளிவேல். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி. அவன் பெண்சாதி அன்னக்கொடிக்கு வலி கண்டுவிட்டது. சுவரைப் பார்த்து நின்ற வண்டியை அந்தக் குறுகலான கொட்டகையில் திருப்பி, அவளைப் பலகையில் உட்காரவைத்து, உதைத்துக்கொண்டே இருந்தான். குளிரில் வண்டி கிளம்பவில்லை. அவள் வெரசா, வெரசா என்று அவசரப்படுத்திக் கெஞ்சியபடியே கொட்டகைக்குள்ளேயே உயிரை விட்டாள். பிள்ளை வயிற்றிலேயே.

மொக்கச்சாமி ஒன்றே ஒன்று கேட்டார். மூன்றாவது வளைவை எத்தனை மணிக்குத் தாண்டினாய்?

“அஞ்சேகால் இருக்கும்.”

மிச்சத்தை அவர்தான் சொன்னார். வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்காகச் சுருளிவேல் அந்த வளைவில் இரண்டு கல் நட்டு, மேலே குறுக்குக்கல் போட்டு, ஒரு சுமைதாங்கி வைத்துவிட்டுத்தான் ஊரை விட்டுப் போயிருக்கிறான். நேற்று அஞ்சரைக்கு மூட்டையோடு ஏறிவந்தவர்கள், சுமையை இறக்கலாம் என்று அங்கே நின்றிருக்கிறார்கள். மேலே இருந்த குறுக்குக்கல்லைக் காணோம். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கல். உடையாமல், அடியில் புல்கூட நசுங்காமல், பக்கத்தில் தரையில் இறங்கியிருந்தது.