மயக்க டாக்டரின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கத்தி பிடித்த டாக்டருக்குக் கும்பிடு விழும். மயக்க மருந்து கொடுத்தவரை யாருக்கு ஞாபகம் இருக்கும்? "என் முகத்தைச் சரியாப் பாக்கறதுக்குள்ள தூங்கிடறாங்க. அப்புறம் தெருவுல பாத்தா எப்படி அடையாளம் தெரியும்?" என்று சொல்லிச் சிரிப்பார் அவர். அந்த ஊரில் அவருக்குத் தெரிந்தவர்களும் குறைவு. அவருடைய பேச்சின் இழுப்பைக் கேட்டதுமே வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிழைப்புத் தேடி முதலில் அவர் மட்டும்தான் வந்தார். சொந்த நாட்டில் வாங்கிய டாக்டர் பட்டம் இங்கே செல்லாது என்றுவிட்டார்கள். பரீட்சைகளை மறுபடியும் எழுதி முடிக்கும்வரை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். மனைவி இடுப்பில் பிள்ளையோடு வந்து இறங்கியபோதுதான் மறுபடி டாக்டர் ஆகியிருந்தார். சலவைக் கடைக்கு மேலே மாடியில் குடித்தனம். கீழிருந்து எந்நேரமும் நீராவி ஏறும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். ஆபரேஷன் தியேட்டரிலோ ஜன்னலே கிடையாது. குளிர்காலத்தில் இருட்டோடு போய் இருட்டோடு வருவார்.

"வெயில் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு" என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தோளில் பை, காலில் கனத்த பூட்ஸ். பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி மலை ஏறிவிடுவார்.

மனைவியும் ஒரு தடவை கூடப் போனாள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். "இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு" என்றாரே தவிர உச்சி வந்தபாடில்லை. புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது. சரளைக் கல்லில் சறுக்கி உட்கார்ந்தவள் அழுதேவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கொப்புளத்தைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, "உனக்கெதுக்கும்மா இந்தக் கஷ்டம்? இனிமே நீ வீட்லயே ஓய்வா இரு" என்றார். பிரியத்தில் சொன்னதுதான். அவள் காதில் அது 'நீ வராதே' என்று விழுந்தது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் மலைக்கும் என்று ஆயிற்று. சலவைக் கடைக்கு வரும் துணிகளுக்கு ஜிப் மாற்றுவதும் பேண்ட் மடிப்புத் தைப்பதுமாக அவள் ஒரு தையல் மெஷினோடு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "மலைதான் எனக்கு வாய்ச்ச சக்களத்தி. சண்டை போடலாம்னா அது கீழ எறங்கி வரமாட்டேங்குதே" என்பாள்.

மயக்க மருந்து கொடுக்கும்முன் அவர் ஒவ்வொருவரிடமும், "மனசுக்குப் பிடிச்ச ஒரு இடத்தை நினைச்சுக்குங்க. எந்த இடம், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பார். பயத்தை மறக்கடிக்கத்தான். ஆனால் அவர்கள் சொல்லும் ஓடையையும் ஏரிக்கரையையும் மனதில் குறித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒருநாள் ஒரு பஸ் டிரைவர், "குவாரிக்குப் பின்னாடி ஒரு ஊத்து இருக்கு டாக்டர். கோடையிலயும் பல்லு கூசும்..." என்று சொல்லிக்கொண்டே உறங்கிப்போனார். பாதி ஆபரேஷனில் இதயம் நின்றுவிட்டது. எல்லோரும் முடிந்தவரை போராடிப் பார்த்தார்கள். ஆள் எழுந்திருக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"அந்த மனுஷன் கடைசியாப் பேசினது என்கிட்டதான். அதை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அவர் சம்சாரத்துகிட்ட போய்ச் சொல்லுங்க."

"என்னைப் பாத்தா அடிக்க வருவாங்க."

"வந்தா வாங்கிக்குங்க. நானும் கூட வரேன்."

டிரைவரின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். "ஊத்தா? லீவு நாள்லயும் டிப்போவுக்கு பஸ் கழுவப் போறேன்னுல்ல சொல்லிட்டுப் போவாரு!" என்றாள். பிடித்திருந்த கதவை விட்டு வெளியே வந்து, "எனக்கு அதைக் காட்டறீங்களா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனார்கள். ஊற்று ஒன்றும் பிரமாதமாக இல்லை. பாறைக்கு அடியில் துணி அலசும் தொட்டியளவு தண்ணீர். டிரைவரின் மனைவி அள்ளிக் குடித்தாள். குளிரில் முகம் சுருங்கியது. "இதுக்கா பொய் சொல்லிட்டு வந்தாரு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே!" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்த டாக்டரின் மனைவிக்கும் கண் நிறைந்தது. யாருக்காக என்று அவளுக்கே புரியவில்லை. இறங்கும்போது முதல்தடவையாக அவர் பின்னால் வந்தார். "பாத்து, அந்தக் கல்லு ஆடும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், "நாளைக்கு நீயும் வர்றியா?" என்றார்.

எத்தனை வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி! ஆனாலும் ஒரு வீம்பு. இன்னொரு தடவை கேட்கட்டுமே என்று இருந்தது. பல்லில் கடித்த நூலை விடாமல், "முட்டி வலிக்குது" என்றாள். அவர் உடனே தைலத்தை எடுத்து வந்து, வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து, தேய்த்துவிட்டார். காலையில் தனியாகக் கிளம்பிப் போனார். டாக்டர் ஆயிற்றே, வலிக்கிறது என்றால் நம்பிவிட்டார். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. வலி போய்விட்டது என்று அவளும் சொல்லவில்லை.

மகன் வளர்ந்து, அப்பாவைப் போலவே வேறொரு நாட்டுக்குப் பிழைக்கப் போனான். ரிட்டயர் ஆன பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைதான் மலைக்குப் போவார். திங்கட்கிழமை தையல் மெஷினுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எந்த மரத்தில் கூடு கட்டியிருக்கிறது, எந்த ஓடை வற்றிவிட்டது என்று ஒன்று விடாமல் சொல்வார். "சும்மா இருங்க, கையில ஊசி ஏத்திக்கப் போறேன்" என்று அவள் அதட்டுவாள். அதட்டிக்கொண்டே காதைக் கொடுத்திருப்பாள்.

ஒரு ஞாயிறு பொழுது சாய்ந்தும் அவர் திரும்பவில்லை. மலை ஏறப்போன இரண்டு பேர் அவரைப் பார்த்திருந்தார்கள். பூட்ஸ் கயிற்றைக் கட்ட உட்கார்ந்தவர்போல ஒரு பாறையில் சாய்ந்திருந்தாராம். மாரடைப்பு. மகன் வந்தான், கூட இருந்தான், லீவு முடிந்து போனான். டிரைவரின் மனைவி வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் அவளை அவ்வளவாகப் படுத்தவில்லை. தனியாக இருந்து பழகிய நாள்தானே. திங்கட்கிழமைதான் தாங்க முடியவில்லை. மெஷினை நிறுத்தினால் வீடு அப்படியே வாயடைத்துக் கிடக்கும்.

அப்படியொரு திங்கட்கிழமை, பாதி தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கித் தார் ரோட்டைத் தாண்டி நடந்தாள். மேலிருந்து இறங்கி வந்த ஒருவர், "தனியாவாம்மா போறீங்க?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வீட்டுக்காரர் முன்னாடி போயிட்டாரு."

"அப்ப மெதுவாப் போங்க. மேல காத்து ஜாஸ்தியா இருக்கு."

கொஞ்சதூரம் ஏறி, மூச்சு வாங்கவே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கீழே ஊர் முழுவதும் தெரிந்தது. ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். அங்கிருந்து தெருத் தெருவாகத் தன் வீட்டைத் தேடினாள். எல்லாக் கூரைகளும் ஒரே மாதிரி இருந்தன. பஸ் திரும்பும் நேரம்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்லைப் பார்த்துப் பார்த்து அடி வைத்து இறங்கினாள்.