பூங்கா பெஞ்ச் தளபதியின் மகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, லஸ் பக்கம் இருக்கும் எங்கள் பூங்காவில் ஓர் அதிசயம் நடந்தது. சம்பத் சமாதானம் பேசினார்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு எங்கள் பெஞ்ச்சைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். காலை நடை முடிந்ததும் ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேர் உட்காரும் இடம். கையில் ஆளுக்கொரு டம்ளர் அருகம்புல் ஜூஸ். எல்லையில் ஏதாவது புகைந்தால் போதும் – பாதி டம்ளர் தீர்வதற்குள் எதிரி நாட்டில் இரண்டு ஊர்களைத் தரைமட்டமாக்கிவிடுவோம். பிறகு வீட்டுக்குப் போய் பிரஷர் மாத்திரை போட்டுக்கொள்வோம். கேட்டுக்கு வெளியே ஜூஸ் விற்கும் குமாரி, "இன்னா சார், இன்னிக்கி எந்த ஊரு காலி?" என்று கேட்டபடிதான் சில்லறை கொடுப்பாள்.

இந்தப் படைக்குத் தளபதி, சம்பத். வங்கியில் சீஃப் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய போர்த் தந்திரம் எளிமையானது.

"பேசிண்டே இருந்தா என்ன சார் அர்த்தம்? நாலு விமானத்தை அனுப்பு. போட்டுட்டு வந்துண்டே இரு. எனக்கு மட்டும் வயசு இருந்திருந்தா நானே ஏறி உக்காந்திருப்பேன்."

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தவர் ராமமூர்த்தி. ரிட்டயர்டு எஞ்சினியர், படையில் இரண்டாம் நிலை அதிகாரி. பேப்பரில் பேச்சுவார்த்தை என்று ஏதோ செய்தி. "இவங்ககிட்ட என்ன பேச்சு? ரெண்டு குண்டு போட்டா தானா வழிக்கு வருவாங்க" என்றார்.

வழக்கப்படி எல்லோரும் தளபதியைப் பார்த்தோம். தளபதி டம்ளரைப் பார்த்தார்.

"பேசித் தீர்த்துக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றார்.

ராமமூர்த்தி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். என்ன ஆயிற்று இந்த மனிதருக்கு? எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாலை, சம்பத் என் வீட்டுக்கு வந்தார். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், ஆள் எடுக்கும் பிரிவில் காலம் தள்ளியவன். யாருக்கு வயது போதாது, யாருக்கு வயது கூடிப்போயிற்று, யாருக்கு என்ன சலுகை – இதுதான் என் படிப்பு, தொழில், பொழுதுபோக்கு எல்லாமே. அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம் வருவார்கள். எப்படி உள்ளே நுழைவது என்று கேட்பார்கள்.

சம்பத் கேட்டது வேறு.

"மைதிலி ஏர்ஃபோர்ஸ்ல பைலட்டுக்கு அப்ளை பண்ணிருக்கா சார். ஆத்துல மூச்சு விடலை. பரீட்சை எழுதி பாஸும் பண்ணிட்டா. இன்டர்வியூவுக்கு மைசூர் வரச் சொல்லிருக்கா."

"நல்ல செய்தியாச்சே."

"நீங்க எல்லா ரூலும் தெரிஞ்சவர்..." கொஞ்சம் நிறுத்தினார். "அவளை எடுக்க முடியாதுன்னு ஏதாவது ஒரு ரூல் இருக்குமோல்லியோ? அதைச் சொல்லுங்கோ."

என் சர்வீஸ் முழுக்க இப்படி ஒரு மனு என் மேஜைக்கு வந்ததே இல்லை.

மைதிலி அவருக்கு ஒரே பெண். தரமணியில் சாஃப்ட்வேர் வேலை. வயது இருபத்துமூன்றைத் தாண்டிவிட்டது. அதனால் என்ன என்கிறீர்களா? பயிற்சி தொடங்கும் நாளில் இருபத்துநாலைத் தாண்டியிருக்கக் கூடாது – அதுதான் வரம்பு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் இருந்தால் இரண்டு வருடம் தள்ளுபடி உண்டு. அவளிடம் அது இல்லை. இந்த வகுப்பைத் தவறவிட்டால், அடுத்த வகுப்பு தொடங்கும்போது அவள் ஓவர் ஏஜ். ஆக, அவளுடைய முதல் வாய்ப்பும் இதுதான், கடைசி வாய்ப்பும் இதுதான்.

இருபத்துநாலு... மயிலாப்பூரில் ஒரு பையன் மேலே எம்.எஸ். படிக்கலாமா, எம்.பி.ஏ. படிக்கலாமா என்று அப்பா காசில் யோசிக்கும் வயது. பெண்ணுக்கு மட்டும்தான் அது முதுமை. வரன் பார்க்கும் மாமாவும் விமானப்படையும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

"கண்ணு?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். "அவ கண்ணாடி போட்டிருந்தாளே."

"லேசர் பண்ணிண்டுட்டா. வரன் பாக்க போட்டோ நன்னா வரும்னா. நான்தான் கொண்டுபோய் பண்ணிவெச்சேன்."

"பண்ணி ஒரு வருஷம் ஆயிருக்கணும்."

"ஆயிடுத்து" என்றார், தேர்வில் தோற்றவர் குரலில். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்பவே ரூலைப் படிச்சுட்டுத்தான் பண்ணிண்டிருக்கா, இல்லியா?"

 நான் அடுத்த விதிக்குப் போனேன்.

"உயரம்?"

"அது அப்பவே போயாச்சு சார். பொண்ணு ஒசரம் ஜாஸ்தின்னு எத்தனை ஜாதகம் திரும்பி வந்திருக்கு." பெருமூச்சு விட்டார். "கால் நீளம், உக்காந்த ஒசரம் எல்லாத்துக்கும் அளவு போட்டிருக்கானே. சல்வார் தைக்கணும்னு சொல்லி அவ அம்மாவை விட்டு அளந்து பார்த்தேன். எல்லாம் சரியா இருக்கு."

அளவு நாடாவோடு சொந்த வீட்டையே வேவு பார்த்த முதல் தளபதி இவராகத்தான் இருப்பார்.

"இருபத்தஞ்சுக்குள்ள இருந்தா கல்யாணம் ஆகியிருக்கக் கூடாதாமே" என்றார், கடைசி நம்பிக்கையோடு. "அடுத்த முகூர்த்தத்துலயே..."

"கல்யாணத்துக்குப் பொண்ணு சம்மதிக்கணும், சம்பத். அதுவும் ரூல்தான்."

 சம்பத் மெதுவாகச் சொன்னார். "எனக்கு அவ ஒருத்திதான் சார்."

அதில் பொய் இல்லை.  ஆனால் இத்தனை வருடமாக அவர் அனுப்பிய அந்த நாலு விமானங்களில் ஏறிப் போனவர்கள் மட்டும் என்ன, டஜன் கணக்கில் பெற்ற வீடுகளிலிருந்தா வந்தார்கள்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினேன்.

மைதிலி மைசூர் கிளம்ப வேண்டிய வாரம் வந்தது. சம்பத் பூங்காவில் பக்திப் பரவசத்தோடு வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை மடத்துக்குப் போறோம் சார், குடும்பத்தோட. முத்திரை போட்டுக்கப் போறோம். நீங்களும் வாங்கோ."

வைணவர்கள் ஆசார்யரிடம் போய்ச் செய்துகொள்ளும் சடங்கு அது. சங்கும் சக்கரமும் பொறித்த முத்திரைகளைத் தீயில் காய்ச்சி, இரண்டு தோள்களிலும் பதிப்பார்கள். சம்பத்தின் உறவில் பலரும் எப்போதோ செய்துகொண்டுவிட்டார்கள். இவர்தான் ஆடிட் இருக்கிறது, இயர் எண்டிங் இருக்கிறது என்று பெருமாளுக்கே தவணை சொல்லிக்கொண்டிருந்தவர். திடீரென்று என்ன அவசரம்?

"எந்த ரூல், சம்பத்?" என்றேன்.

சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தணித்தார். "உடம்புல நிரந்தரமா பச்சை குத்திருந்தா எடுக்க மாட்டா. முழங்கைக்குக் கீழ, உள்பக்கம் மட்டும்தான் இருக்கலாம். நானே படிச்சேன். முத்திரை தோள்லன்னா விழறது? நிரந்தரம்தானே?"

அசந்துபோனேன். சொந்தப் பெண்ணுக்கு எதிராக, மெடிக்கல் போர்டு முன்னால் பெருமாளையே சாட்சி சொல்ல வைக்கப் பார்க்கிறார். விதி உண்மைதான். பச்சை குத்துவது குல வழக்கமாக உள்ள பழங்குடியினருக்கு விலக்கு உண்டு – மயிலாப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சூட்டு முத்திரை, பச்சையில் சேருமா சேராதா? முதல் தடவையாக எனக்கே பதில் தெரியாத ஒரு கேள்வி. சந்தேகம் என்றால் போர்டு யார் பக்கம் சாயும் என்பது மட்டும் தெரியும். நிச்சயமாக விண்ணப்பதாரர் பக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சடங்கு எனக்கில்லை. வேடிக்கை பார்க்க யாருக்கும் தடையில்லை.

மடத்தில் நல்ல கூட்டம். உள்ளே தீ கனன்றுகொண்டிருந்தது. சம்பத் பஞ்சகச்சத்தில், வெற்று மார்போடு, பன்னிரண்டு திருமண்ணும் பளிச்சென்று நின்றார். பக்கத்தில் மடிசாரில் அவர் மனைவி. மைதிலியைத்தான் காணோம்.

தேடினால், வாசலில் செருப்பு விடும் இடத்தில் நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உள்ள போகலையாம்மா?"

"இன்னிக்கு உள்ள வரக் கூடாது, அங்கிள். காலையிலதான் ஆச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். மாமி சம்பத்தின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாமி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சம்பத் முகத்தில் எல்லாச் சலனமும் இருந்தது. ஆனால் என்ன செய்ய முடியும்? அந்த விதியைக் காலங்காலமாகக் கட்டிக்காத்து வந்ததே இவர் மாதிரி ஆட்கள்தானே. மீறச் சொல்ல முடியுமா? நிரூபிக்கச் சொல்ல முடியுமா?

"நிஜமாவா?" என்றேன் நான், தணிந்த குரலில். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் சான்றிதழ் பார்த்தே பழகிய வாய்.

"இந்த ரூலுக்கு மட்டும் யாரும் சர்டிஃபிகேட் கேக்க மாட்டா, அங்கிள்" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "கண்ணு ஆபரேஷன் பண்ணிண்டப்பவே பச்சை ரூலையும் படிச்சிருந்தேன். அப்பா இவ்ளோ தூரம் போவார்னு நினைக்கலை. ட்ரெய்னிங் முடியட்டும், இதே மடத்துக்கு வந்து நானே போட்டுக்கறேன். எனக்கும் ஆசைதான். ஆனா இன்னிக்கு இல்லை."

உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். சம்பத்தின் பெயர்.

மனிதர் திரும்பி வாசலைப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். பின்னால் பெரிய வரிசை. முன்னால் ஆசார்யர். இடையில் தளபதி. வேறு வழியில்லாமல் முன்னேறினார். வலது தோளில் சக்கரம், இடது தோளில் சங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன "ஸ்ஸ்..." – முத்திரையிலிருந்து வந்ததா, சம்பத்திடமிருந்து வந்ததா, தெரியவில்லை.

மறுநாள் மைதிலி மைசூருக்கு ரயில் ஏறினாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானியாகத் தகுதி உண்டா என்று ஒரு கம்ப்யூட்டர் சோதனை வைப்பார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம் – தோற்றால் தோற்றதுதான். தேறினாள். நேர்முகத்தில் தேறினாள். மெடிக்கலில் அவளுடைய அந்த அதிகப்படி உயரத்தை முதல் தடவையாக ஒருவர் திருப்தியோடு எழுதிக்கொண்டார். தோளில் தழும்பு ஏதும் இல்லை. போன திங்கட்கிழமை தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. அதில் மைதிலியின் பெயர் இருந்தது.

அதற்கு மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

"என்ன சம்பத், இப்படிப் பின்வாங்கறீங்க?" என்று ராமமூர்த்தி விடவில்லை. "உங்க பொண்ணே போறா. பெருமையா நெஞ்சை நிமித்த வேண்டாமா?"

"பெருமைதான்" என்றார் சம்பத். "உங்க பிள்ளை என்ன பண்றான்?"

"டல்லாஸ்ல இருக்கான். தெரியுமே உங்களுக்கு."

"அவனை வரச் சொல்லுங்கோளேன். அவனும் படையில சேரட்டும்."

"அவனுக்கு முப்பத்தொண்ணு ஆச்சே. ஏஜ் பார், சேர முடியாது."

"ஓ..." என்றார் சம்பத். "குண்டு போடுன்னு சொல்றதுக்குத்தான் ஏஜ் பார் இல்லை, இல்லியா?"

ராமமூர்த்திக்குத் திடீரென்று வீட்டில் பிளம்பர் வரும் ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பிளம்பர் இருந்தார். பெஞ்ச் காலியானது.

காலி டம்ளர்களைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "இன்னா சார், இன்னிக்கி ஒரு ஊரும் காலி ஆவலியா?" என்றாள் குமாரி.

"லீவு விட்டாச்சும்மா" என்றேன்.

சம்பத்தும் நானும் வீட்டுப் பக்கம் நடந்தோம். லஸ் முனையில் சிக்னலுக்காக நின்றபோது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. சாதாரணப் பயணிகள் விமானம்தான், மீனம்பாக்கத்தில் இறங்கப் போவது. மறையும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். சிக்னல் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"எனக்கு மட்டும் வயசு இருந்திருந்தா" என்றார். இத்தனை வருடமாகக் கேட்ட அதே வாக்கியம். குரல்தான் வேறு. "அவளுக்குப் பதிலா நானே போயிருப்பேன் சார்."

"முடியாது, சம்பத்."

"ஏன்?"

"ரெண்டு தோள்லயும் முத்திரை இருக்கே."