மனைவி கட்டத்தில் ஒரு கையெழுத்து

பெங்களூர் விவேக் நகரில் எங்களுக்கு வாடகைக்கு வீடு கொடுத்த ஆன்ட்டிக்கு இரண்டு விஷயங்கள் ஆகவே ஆகாது. ஒன்று, குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பது. இன்னொன்று, எந்த ஃபார்மிலும் ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது. சர்க்கார் ஆபீசில் முப்பது வருஷம் ஃபார்ம்களைச் சரிபார்த்து ரிட்டயர் ஆனவர். காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

நானும் அவனும் அங்கே குடிவந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் டிராயிங் போடுகிறவன். அதற்கு முன் இரண்டு வீடுகளில் எங்களைக் காரணம் சொல்லாமலே காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். அதனால், "நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?" என்று ஆன்ட்டி கேட்டதும் அவன் பதறிப்போய், "அத்தை பையன், மாமா பையன்" என்றான். பொய் சொன்னாலும் கல்யாணம் கட்டும் முறையாகப் பார்த்துச் சொல்லியிருந்தான். மாடிப்படி ஏறும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

நாலு வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்ட்டி ஒரு ஃபார்மோடு மேலே வந்தார். எங்கள் தெருவில் புதிதாக ஒரு குடும்ப நலச் சங்கம் முளைத்திருந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வதைத் தடை செய்ய வேண்டும் என்று சர்க்காருக்கு மனு. வீட்டுக்கு ஒரு ஃபார்ம். அப்படிக் கல்யாணம் செய்துவைக்க இந்த நாட்டில் சட்டமே கிடையாது. எங்கோ வெளிநாட்டில் அனுமதித்ததைப் பேப்பரில் படித்துவிட்டு, இல்லாத கல்யாணத்தை நிறுத்தக் கிளம்பியிருந்தார்கள். ஃபார்மின் அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்று கணவர், ஒன்று மனைவி.

"எங்க கையெழுத்து எதுக்கு ஆன்ட்டி? நாங்க பேச்சிலருங்க," என்றேன்.

"பேச்சிலர்னா வீடு இல்லையா? நம்ம பில்டிங்ல நாலு போர்ஷன், மூணு முடிஞ்சுது. எதிர் பில்டிங்காரி மொத்தமும் வாங்கிக் குடுத்துட்டா, தெரியுமா? சாயங்காலம் வரேன். ஒரு கட்டம்கூட காலியா இருக்கக் கூடாது."

அவர் இறங்கிப் போனதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "போட மாட்டேன்டா. என் கல்யாணத்தைத் தடுங்கன்னு நானே மனு குடுக்கணுமா?" முந்தின வாரம்தான், எங்களைக் குற்றவாளியாக்கும் பழைய சட்டத்தை எதிர்த்து டவுன் ஹால் படியில் பத்துப் பதினைந்து பேரோடு, முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வந்திருந்தோம்.

"போடலைன்னா ஏன்னு கேப்பாங்க. கேட்டா சந்தேகம் வரும். மறுபடியும் வீடு தேடணும். கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு இன்னும் எத்தனை மாடி ஏறுவ?"

ஃபார்மைக் கையில் எடுத்தேன். பயம்தான் காரணம். அதை மழுப்ப விரும்பவில்லை.

போடுவது என்று முடிவானதும் புதுச் சண்டை ஆரம்பித்தது. மனைவி கட்டம் யாருக்கு?

"சமைக்கிறது நான், துவைக்கிறது நான். கணவர் மட்டும் நீயா?" என்றான் அவன்.

"நீ துவைச்சு என் சட்டையில எத்தனை பட்டன் மிச்சம்னு எண்ணிப் பாரு."

சாயங்காலம் ஆன்ட்டி வந்தபோதும் சண்டை முடியவில்லை. "அக்ரிமென்ட் யார் பேர்ல? உங்க பேர்ல. நீங்க முதல் கட்டம். வாத்தியாரே, நீங்க ரெண்டாவது. பேக பேக, சீக்கிரம் போடுங்க," என்று கன்னடமும் கலந்து தீர்ப்புச் சொன்னார். கட்டத்தின் தலைப்பை அவர் படித்ததாகத் தெரியவில்லை. அடர்ந்த மீசையோடு வாத்தியார் மனைவி கட்டத்தில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டு, அடியில் தேதியும் எழுதினான்.

அடுத்த ஞாயிறு சங்கத்துச் செயலாளர் அந்த ஃபார்மோடு வந்து நின்றார். ஆன்ட்டி எங்களைக் கீழே கூப்பிட்டார்.

"என்னம்மா இது? மனைவி இடத்துல ஆம்பளை கையெழுத்து! இதுக்கு எதிராத்தானே மனுவே?"

"நான் சரிபார்த்த ஃபார்ம் அது. முப்பது வருஷத்துல ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல," என்றார் ஆன்ட்டி.

"அந்த வீட்டுல லேடீஸ் யாராச்சும்…"

"யாரும் கிடையாது. நாலு வருஷமா இவங்க ரெண்டு பேர்தான். இவருக்கு டைஃபாய்டு வந்தப்போ வாத்தியார்தான் லீவு போட்டுக் கஞ்சி ஊத்துனார். உங்களுக்குக் காய்ச்சல்னா உங்க வீட்டுல யாரு ஊத்துவா? அவங்க எந்தக் கட்டத்துல கையெழுத்துப் போட்டாங்க?"

செயலாளர் சிவப்புப் பேனாவை எடுத்து, ஃபார்மின் குறுக்கே 'செல்லாது' என்று எழுதி, ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆன்ட்டி இப்போதுதான் தலைப்பைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அவசரமே இல்லாமல். மனசுக்குள் நான் பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தேன்.

"வாத்தியாரே, உங்க ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கிற பேப்பர் வேற ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

"இல்லை ஆன்ட்டி," என்றான்.

"அப்ப இதை லேமினேட் பண்ணி வெய்ங்க."

பண்ணிவிட்டோம். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கு இன்றும் வெட்கம்தான். ஆனாலும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது: கணவர் நான், மனைவி அவன், எங்களைத் தடுக்கச் சொன்ன மனுவின் குறுக்கே சிவப்பு மையில் 'செல்லாது'.